பாதி பச்சைத் தண்ணி, பாதி நல்ல தண்ணி

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியாக முடிந்திருக்க வேண்டியது. ஜோதிமணி என்னிடம் கேட்டது ஒரு வரிதான்.

"அக்கா, ஜீப்பு கொதிச்சதுக்கு ஜீப்பு காரணம் இல்ல, நீங்க எழுதிக் குடுத்த சீட்டுதான் காரணம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எங்க வீட்டுக்காரருகிட்டக் காட்டணும்."

முப்பது வருஷமாக அடுத்தவர் எழுதிய வரிகளைத் திருத்திச் சாப்பிடுகிறவளுக்கு இது ஒரு வேலையா? காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "மேற்படி ஜீப் கொதித்ததற்கு" என்று ஆரம்பித்தேன். மேற்படி என்றால் எந்தப்படி? தாளில் மேலே ஒன்றுமே இல்லையே. அடித்தேன். "கிளாவரை ஜோதிமணியின் ஜீப்" என்று ஆரம்பித்தேன். ஆர்.சி. புத்தகம் அவள் கணவர் பொன்னுவேல் பேரில் இருக்கிறது. அடித்தேன். "என் கவனக்குறைவால்" என்று ஆரம்பித்தேன். அது கவனக்குறைவு இல்லை, அளவுக்கு மிஞ்சிய கவனம் என்று பட்டது. அதையும் அடித்தேன். காபி ஆறிப்போனது.

மூன்று நாளில் அந்த ஒரு வரி ஒன்பது பக்கமாகிவிட்டது. இதை முதலில் கேட்கப்போகிறவர் பொன்னுவேல். நீங்கள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறீர்கள். பார்க்கலாம், தப்பில்லை.

என் பெயர் சண்முகசுந்தரி. ஊர் பழனி. இருப்பது கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், உபகாரம் என்பவருடைய மெக்கானிக் ஷெட்டுக்கு மேல்மாடியில். தொழில், பிழை திருத்துவது. பள்ளிக்கூட நோட்ஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் விழா மலர், சர்ச் ஆண்டறிக்கை எதுவானாலும் என் மேஜைக்கு வரும். ஒற்று ஒன்று விடுபட்டால் எனக்கு உடம்பு அரிக்கும். "பேருந்து நிலயம்" என்று எழுதிவைத்த இடத்தில் பஸ் ஏற மனசு வராது. இந்தத் திமிரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

2

கதை என்றால் ஒரு தொடக்கம் வேண்டும். எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் கொடுக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: மார்கழி மாதத்து உறைபனி கிளாவரைக் காரட் தோட்டங்களின் மேல் வெண்பட்டு விரித்தாற்போல

(இங்கேயே நிறுத்திவிட்டேன். வெண்பட்டு விரித்தாற்போல என்று அடுத்தவர் எழுதியதை நூறு தடவையாவது அடித்திருப்பேன். கிளாவரையில் உறைபனி விழுந்தால் யாரும் பட்டை நினைப்பதில்லை. பீன்ஸ் கருகிவிடுமே என்றுதான் நினைக்கிறார்கள்.)

தொடக்கம் இரண்டு: ஆவி பறக்கும் ஜீப்பின் முன்னால் ஒரு பெண் தனியாக நின்றாள். அவள் கண்களில்

(கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இல்லை.)

தொடக்கம் மூன்று: அந்த ஜீப்புக்கு முப்பத்திரண்டு வயது.

இது பரவாயில்லை. பொய்யும் இல்லை, பட்டும் இல்லை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

அந்த ஜீப்புக்கு முப்பத்திரண்டு வயது. டீசல் எஞ்சின். ஒரு பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் கிளாவரையிலிருந்து விடிந்ததும் கிளம்பி, கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை வழியாகக் கொடைக்கானலுக்கு வரும். பின்னால் காரட், பீன்ஸ், பூண்டு மூட்டைகள். மூட்டைகளின் மேலும் நடுவிலும் ஆறேழு பேர். ஓட்டுவது ஜோதிமணி. பத்து வருஷத்துக்கு முன்னால் பொன்னுவேல் பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மூட்டை சந்தைக்குப் போக வேண்டுமே என்று இவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். லைசென்ஸும் எடுத்தாள். அவர் கால் கூடிவிட்டது. ஸ்டியரிங் அவர் கைக்குத் திரும்பவில்லை. அவரும் கேட்கவில்லை.

நவம்பர் மாதம் கவுஞ்சிக்கு அப்பால் ஜீப் ஒரு தடவை கொதித்து நின்றது. வீட்டுக்கு வந்ததும் பொன்னுவேல் சொன்னார்: "இன்னொரு வாட்டி கொதிச்சா வித்துருவோம். சரின்னு சொல்லு." அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். விற்றால் பொன்னுவேலும் அவர் தம்பியும் கூட்டாகப் புது லோடு வண்டி எடுப்பார்கள். அதைத் தம்பிதான் ஓட்டுவான். ஜோதிமணி என்னிடம் இதைச் சொன்னபோது காரட்டுத் தழையை ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "ஜீப்பு போனா எஞ்சோலியும் போச்சுக்கா. அப்புறம் வருசம் பூரா களை எடுக்க வேண்டியதுதான். களை எடுக்கவும் ஆசதான், அதையே எடுக்க முடியாதுல்ல."

ஆக, இந்தக் கதையில் என்ன போகும் என்ன நிற்கும் என்பது இதுதான். பெரிய விஷயம் இல்லை என்று தோன்றினால், உங்கள் வேலையை உங்கள் மைத்துனரிடம் கொடுத்துவிட்டு வந்து அப்புறம் சொல்லுங்கள்.

3

இனி வருவது கொஞ்சம் மெக்கானிக் சமாச்சாரம். அவசரக்காரர்கள் நான்காம் பகுதிக்குத் தாண்டிவிடலாம். ஆனால் பிறகு என்னிடம் வந்து சந்தேகம் கேட்கக் கூடாது.

எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு முன்னாலிருக்கும் ரேடியேட்டருக்கு வந்து, ஆறிவிட்டுத் திரும்பிப் போகிறது. வெறும் தண்ணீராக இருந்தால் உள்ளே துருப்பிடிக்கும். அதோடு மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். கொடைக்கானலில் பருப்பு வேகவைத்த எல்லாருக்கும் இது தெரியும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் கல்லாக இருக்கும், குக்கர் இல்லாமல் காரியம் நடக்காது. ரேடியேட்டர் மூடியும் குக்கர் மூடி மாதிரிதான். ரப்பர் தேய்ந்துவிட்டால் கொதி முந்திக்கொள்ளும். இதற்கெல்லாம் மருந்தாகத்தான் தண்ணீரோடு கூலன்ட் கலக்கிறார்கள். அது பச்சையிலும் இருக்கிறது, சிவப்பிலும் இருக்கிறது.

எதை ஊற்றுவது என்பதில் உபகாரத்துக்குச் சந்தேகமே கிடையாது. "புது வண்டிக்குச் செவப்பு, பழைய வண்டிக்குப் பச்சை. இது செம்பு ரேடியேட்டரு, ஈயத்த உருக்கிப் பத்து வச்சது. பச்சைதான் இதுக்குச் சேரும். ரெண்டையும் கலந்தா கூழாப் போயிரும்."

நவம்பரில் நடந்தது அந்தக் கூழ்தான். மட்டம் குறைந்திருக்கிறதே என்று பொன்னுவேல் பழனிக்குப் போனபோது சிவப்பில் ஒரு கேன் வாங்கிவந்து, ஏற்கெனவே இருந்த பச்சையின் மேல் ஊற்றியிருக்கிறார். இப்போது எல்லாரும் சிவப்புதான் வாங்குகிறார்கள் என்று கடையில் சொன்னார்களாம். உபகாரம் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். கேப்பைக் கூழ் மாதிரி விழுந்தது.

"பச்சை அம்புட்டு நல்லதுன்னா முழுக்கப் பச்சையே ஊத்திருங்கண்ணே" என்றாள் ஜோதிமணி.

"உப்பு நல்லதுன்னு கொழம்புல அள்ளிப் போடுவியா? பாதிக்குப் பாதி. கெட்டியா இருந்தா சூட்ட வாங்காது. தண்ணியா இருந்தா சூட்டத் தாங்காது."

(கேன்களில் இன்னொரு வம்பும் உண்டு. சிலவற்றில் கம்பெனியிலேயே தண்ணீர் கலந்து அனுப்புகிறார்கள், அதை அப்படியே ஊற்ற வேண்டும். சிலவற்றில் நாம்தான் கலக்க வேண்டும். எது எப்படி என்று கேனில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறது. ஒரு கேனில் நான் இரண்டு எழுத்துப் பிழை கண்டுபிடித்தேன்.)

அன்றைக்கு உபகாரத்திடம் பச்சை தீர்ந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் அலசி, வெறும் தண்ணீரை நிரப்பி, "அடுத்த செவ்வாக்கெழம வா. அதுவரைக்கும் லோடு ஏத்தாத, மெதுவா ஓட்டு" என்று அனுப்பிவைத்தார். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். கலவை, பாதிக்குப் பாதி, ஈயப் பத்து எதுவும் அன்று என் காதில் ஏறவில்லை. ஜன்னலில் நின்று கூழைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஒரு ஆண்டறிக்கையில் "நன்றி" ஏழு இடத்தில் "நண்றி" என்று வந்திருந்தது.

4

அந்தச் செவ்வாய்க்கிழமை உபகாரம் ஊரில் இல்லை. வத்தலக்குண்டில் தங்கச்சி பேரனுக்கு ஞானஸ்நானம். காலையில் எனக்குப் போன் செய்தார்.

முதல் பிரதியில் இந்த இடத்தை இப்படி எழுதியிருந்தேன்: "போனில் சரியாகக் கேட்கவில்லை." பொய். நன்றாகவே கேட்டது. இரண்டாம் பிரதியில்: "உபகாரம் பல் பிடுங்கியிருந்ததால் பேச்சு குழறியது." அவருக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறது. மூன்றாம் பிரதியில்: "ஜோதிமணி சீட்டைத் தப்பாகப் படித்தாள்." இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றேன். வாராவாரம் எனக்கு மண் ஒட்டிய காரட்டைக் கழுவிக் கொண்டுவந்து தருகிறவள் அவள். எனக்கு வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன். நடந்தது இதுதான்.

"டீச்சர்," என்றார் உபகாரம். (நான் டீச்சர் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் பார்க்கிற பெண்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர்.) "ஜோதிமணி வருவா. ரேடியேட்டருக்குப் பச்சைத் தண்ணி பாதி, நல்ல தண்ணி பாதி. செவப்பு கிட்டவே வரக் கூடாது. எழுதிக் குடுத்துருங்க, அப்பத்தான் அவ வீட்டுக்காரரு நம்புவாரு. கேன மாடிப்படிக்கு அடில—"

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போன் நின்றுவிட்டது.

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். பச்சைத் தண்ணி பாதி, நல்ல தண்ணி பாதி. எழுதியதைப் படித்தேன். உடம்பு அரிக்க ஆரம்பித்தது.

தமிழ் பேசுகிறவர்களே, நீங்களே சொல்லுங்கள். பச்சைத் தண்ணி என்றால் என்ன? காய்ச்சாத தண்ணீர், வெறும் தண்ணீர். "பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படவில்லை" என்கிறோம். பச்சைத் தண்ணியில் குளித்தால் சளி பிடிக்கும் என்கிறோம். அதில் பச்சை நிறம் எங்கே இருக்கிறது? நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். ஆக, தண்ணீர் பாதி, தண்ணீர் பாதி. இலக்கணத்தில் இதற்குக் கூறியது கூறல் என்று பெயர், அது குற்றம். பாவம், பேச்சு வழக்கில் ஒன்றையே இரண்டு தடவை சொல்கிறார், எழுத்தில் அது நிற்காது என்று நினைத்தேன். பேனாவை எடுத்தேன். "பச்சைத் தண்ணி பாதி" என்பதை ஒரே கோட்டில் அடித்தேன்.

திருத்திய வடிவம்: "ரேடியேட்டரில் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றவும். துருவேறிச் சிவந்த தண்ணீர் கூடாது."

அழகான இரண்டு வாக்கியம். ஒற்று, சந்தி எல்லாம் அதது அதனதன் இடத்தில். எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

கேன் என்றாரே என்று மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தண்ணீர் பிடிக்கக் காலி கேன் இருக்கும் என்று நினைப்பு. இருந்த கேனில் ஏதோ பச்சையாக இருந்தது. கைப்பிடியில் ஒரு பாலிதீன் பை கட்டியிருந்தது. பினாயிலோ பூச்சிமருந்தோ என்று காலால் ஓரமாகத் தள்ளிவிட்டேன். சொல்லப்போனால் சோப்புப் போட்டுக் கையும் கழுவினேன்.

ஜோதிமணி பதினோரு மணிக்கு வந்தாள். சீட்டைப் படித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "கூலன்ட் ஆயில் எதுவும் தரச் சொல்லலியாக்கா?"

"இதில் எழுதியிருக்கிறதைத்தான் சொன்னார்."

அவள் உபகாரத்துக்கு இரண்டு தடவை போன் போட்டாள். ஞானஸ்நானத்தில் எவர் போனை எடுப்பார்? "வெறும் தண்ணி ஏற்கெனவே கெடக்கேக்கா" என்றாள்.

"அது குழாய்த் தண்ணீராக இருக்கும். நல்ல தண்ணீர் வேண்டும் என்கிறார். நான் எழுதினால் எழுதினதுதான், நீ பயப்படாமல் ஊற்று" என்றேன். இந்த வாக்கியத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

அவள் அடியிலிருந்த திருகைத் திறந்து பழைய தண்ணீரை வடித்தாள். நான் சமையலறையிலிருந்து என் குடிதண்ணீர்ப் பானையையே தூக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். நான் எப்போதும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் குடிப்பேன். ஆக, உபகாரம் சொன்ன பச்சைத் தண்ணியும் அந்த ஜீப்புக்குள் போகவில்லை, நாம் சொல்லும் பச்சைத் தண்ணியும் போகவில்லை.

5

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, பூண்டு மூட்டைகளோடு ஜீப் கிளாவரையிலிருந்து கிளம்பியது. முன் சீட்டில் பொன்னுவேலும் இருந்தார். கவுஞ்சிக்கு மேலே ஏற்றத்தில் மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஜோதிமணி உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினாள். (அந்த உடனேயால்தான் எஞ்சின் தப்பியது என்று உபகாரம் பிறகு சொன்னார். இன்னும் நூறு கஜம் ஓட்டியிருந்தால் எஞ்சின் மேல்மூடியான ஹெட்டு வளைந்துபோயிருக்குமாம்.) முன்பக்கம் ஆவி அடித்தது. மூட்டைகளின் மேல் இருந்தவர்கள் இறங்கி வெயிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

பொன்னுவேல் திட்டவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, "சரின்னு சொன்னது ஞாபகம் இருக்குல்ல" என்று மட்டும் கேட்டார்.

மணிக்கணக்கில் ஆறவைத்து, ஓடைத் தண்ணீரை ஊற்றி, மூட்டைகளை வேறொரு வண்டியில் ஏற்றிவிட்டு, வெறும் ஜீப்பை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு மத்தியானம் மூஞ்சிக்கல் வந்து சேர்ந்தார்கள். நான் சத்தம் கேட்டுக் கீழே இறங்கி வந்தேன். உபகாரம் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து உள்ளே பார்த்தார்.

"ஏ ஜோதி, வெறும் தண்ணியில்ல கெடக்கு? செவ்வாக்கெழம நான் சொன்னத ஊத்தலியா?"

ஜோதிமணி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டினாள். அவர் அதை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் படித்தார்.

"இதுல பச்சைத் தண்ணி எங்க டீச்சர்?"

"நல்ல தண்ணீர் என்று போட்டிருக்கிறேனே. இரண்டும் ஒன்றுதானே" என்றேன். குரலில் இன்னும் திமிர் இருந்தது.

உபகாரம் மாடிப்படிக்கு அடியில் குனிந்து, நான் காலால் தள்ளிய கேனைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் வைத்தார். உள்ளே இருந்தது பளிச்சென்று பச்சையாகத் தெரிந்தது. "இதான் டீச்சர் பச்சைத் தண்ணி. நல்ல தண்ணின்னா பேட்டரிக்கு ஊத்துற தண்ணி." பிறகு பாலிதீன் பையை அவிழ்த்தார். "இது புது மூடி. பழசுல ரப்பரு தேஞ்சு கெடந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதலில் பேசியது ஜோதிமணி.

"இது ஜீப்பு கொதிச்சது இல்லங்க. சீட்டு கொதிச்சது."

"கொதிச்சது கொதிச்சதுதான்" என்றார் பொன்னுவேல்.

"மொதக் கொதி நீங்க செவப்ப ஊத்துனதுல வந்துச்சு. ரெண்டாவது கொதி அக்கா பச்சைய அடிச்சதுல வந்துச்சு. ஜீப்பு தானா எப்பங்க கொதிச்சுச்சு?"

அவர் பொட்டிக்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். அவள் என் பக்கம் திரும்பி, அந்த ஒரு வரியைக் கேட்டாள்.

6

இந்தப் பொன்னுவேலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாத்திரத்தைச் சொல்கிறேன். முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக்கிவிட்டேன். மீசை கூட வைத்தேன். "பெண்டாட்டி வண்டி ஓட்டுவது பொறுக்காத" என்று ஒரு அடைமொழியும் எழுதினேன். அது கதைக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததாலேயே சந்தேகம் வந்தது. பொறுக்காதவர் பத்து வருஷம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருவாரா?

நேற்று முன்தினம் அவரே வந்தார். தனியாக, பஸ்ஸில். ஒரு பை நிறைய மலைப்பூண்டை மேஜை மேல் வைத்தார். (மீசை இல்லை.)

"என்னமோ எழுதுறீங்கன்னு ஜோதி சொன்னா டீச்சரம்மா. என்னய எப்பிடிப் போட்டிருக்கீங்க?"

நான் அந்தப் பக்கத்தைப் பூண்டுப் பைக்கு அடியில் நகர்த்திவைத்தேன். "இன்னும் முடியவில்லை. நீங்கள் ஏன் விற்க வேண்டும் என்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள். உள்ளபடி எழுதுகிறேன்."

அவர் ஜன்னல் வழியாகக் கீழே ஷெட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நவம்பர்ல கொதிச்சுச்சுல்ல. எறக்கிட்டு வெறும் வண்டியாத் திரும்பி வந்த நேரம். மூணு மணி நேரம் ஒத்தையில நின்னுருக்கா. பனி எறங்கிருச்சு. போனுல டவர் இல்ல. ரோட்டுல காட்டுமாடு ரெண்டு வந்து நின்னுச்சாம். கதவு ஒரு பக்கம் கயித்துல கெடக்கு. பால் வண்டி வந்துதான் கூட்டியாந்துச்சு. நான் வீட்டுல பூண்டுக்குத் தண்ணி பாச்சிக்கிட்டு இருந்துருக்கேன். என்ன இம்புட்டு நேரம்னுகூட நெனைக்கல. வந்து சிரிச்சுக்கிட்டே சொல்றா. அவளுக்குப் பயமில்ல டீச்சரம்மா. கேட்ட எனக்குத்தான் கையி காலு ஓடல. செவப்ப வாங்கியாந்து ஊத்துனவனும் நாந்தான்."

"இதை ஜோதிமணியிடம் சொன்னீர்களா?"

"இதையெல்லாம் போயி சொல்லுவாங்களா? நீங்களும் எழுதிராதீங்க. சும்மா, வண்டி பழசு, அதான் விக்கச் சொல்றான்னு போட்டுக்கங்க."

அவர் படியிறங்கிப் போன பிறகு இந்தப் பகுதியை எழுதினேன். எழுதாதீங்க என்று அவர் சொன்ன பகுதியைப் பேனாவால் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். ஒரு முறை, இது எதற்கு, தேவையில்லாத சொல் என்று நானாக அடித்ததில் ஒரு எஞ்சினே கொதித்தது. இனி ஒருவர் சொன்னதில் பாதியை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. பொன்னுவேல், மன்னித்துக்கொள்ளுங்கள். மீசையை மட்டும்தான் எடுத்திருக்கிறேன்.

7

முடிவுகள்.

(அ) ஜீப்பைப் பழைய இரும்புக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போகிறார். ஜோதிமணி தோட்டத்தில் குனிந்து களை எடுக்கிறாள். தூரத்தில் புது வண்டியின் ஹாரன் கேட்கிறது. அவள் நிமிர்ந்து

(அழுதுவிட்டேன். நிமிர்ந்து என்ன செய்தாள் என்று எழுதவில்லை. இது நடக்கக்கூடியதுதான், அதனால் விட்டுவைக்கிறேன்.)

(ஆ) கிளாவரையில் ஒரு கர்ப்பிணிக்கு வலி எடுக்கிறது. வேறு வண்டி இல்லை. ஜோதிமணி ஜீப்பை எடுக்கிறாள். ஜீப் கொதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறது. குழந்தைக்கு ஜோதி என்று

(ஜோதிமணிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "இப்ப எங்கூர்ல முழுகாம இருக்கவங்க யாரும் இல்லியேக்கா" என்றாள். அதோடு இந்த முடிவு போயிற்று.)

(இ) பொன்னுவேல் வந்து, "ஜீப்பு இருக்கட்டும்" என்கிறார்.

(எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அவர் இன்னும் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொல்லாததை எழுதி அவரிடமே கொடுத்தால் நன்றாக இருக்காது.)

முடிவுக்குப் பதிலாக, நடந்த ஒன்றைத் தருகிறேன். உபகாரம் ரேடியேட்டரை மறுபடியும் அலசி, என் கண்முன்னாலேயே கலந்தார். ஒரு வாளியில் பச்சைத் தண்ணி, ஒரு வாளியில் நல்ல தண்ணி. இரண்டும் ஒரே மட்டம். "டீச்சர், சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று என்னையே கேட்டார். கேலி பண்ணுகிறார் என்று தெரிந்தும் குனிந்து பார்த்தேன். சரியாக இருந்தது. புது மூடியைத் திருகிவிட்டு, "இனிமே இதுல ஒரு எழுத்தக்கூடத் திருத்தாதீங்க" என்றார்.

இன்று காலை நானும் அந்த ஜீப்பில் கிளாவரை வரைக்கும் போய்வந்தேன். முன் சீட்டில், கயிற்றுக் கதவுப் பக்கம். போகும்போது நான் மலையைப் பார்க்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். முள் பாதி வரை ஏறியது, அங்கேயே நின்றது. எங்கே மேடு வந்ததோ அங்கே நான் மூச்சைப் பிடித்தேன், முள் அசையவில்லை. ஜோதிமணி கியரை மாற்றிக்கொண்டே, "அக்கா, வெளியயும் கொஞ்சம் பாருங்க, அதுல பிழை ஒண்ணும் இல்ல" என்றாள். பார்த்தேன். பூம்பாறைப் படிக்கட்டு வயல்களில் பூண்டு முளை விட்டிருந்தது. மன்னவனூரில் செம்மறி ஆடுகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பின்னால் ஊருக்கு வாங்கிப்போன உர மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு பேருடைய காலைப்பொழுது ஒரு முள் அசையாமல் நிற்பதில் இருக்கிறது என்று இத்தனை வருஷம் ஷெட்டுக்கு மேலேயே இருந்தும் எனக்குத் தோன்றியதில்லை.

கிளாவரையில் பொன்னுவேல் ஜீப்புக்காகக் காத்திருந்த மாதிரித் தெரியவில்லை. தற்செயலாக ரோட்டோரம் நின்ற மாதிரிதான் நின்றார். நேராகப் போய்ப் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சலடிக்கிற பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். "டீ போட்டு வச்சிருக்கேன்" என்றார். டீயில் சர்க்கரை அதிகம். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

8

திரும்பி வந்து இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். நாளைக்கு ஜோதிமணி வந்து வாங்கிக்கொண்டு போவாள்.

ஜோதிமணி, உன் வீட்டுக்காரருக்கு இதை நீதான் படித்துக் காட்ட வேண்டும், அவர் கண்ணாடி உடைந்துபோய்விட்டது என்றார். முதலிலேயே எல்லாவற்றையும் உனக்குள்ளே படித்துப் பார்த்துவிடாதே. சத்தமாகப் படித்துக்கொண்டே போ. ஆறாம் பகுதி வரும்போது தொண்டை கட்டினால் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள். எந்தத் தண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன்.

பொன்னுவேல், அந்தக் கதவுக்கு உபகாரத்திடம் ஒரு பழைய தாழ்ப்பாள் இருக்கிறது. பொருத்த அரை மணி நேரம் போதும் என்கிறார். இது கதையில் சேராத விஷயம், தகவலுக்காகச் சொன்னேன்.

தோளுக்குப் பின்னால் நிற்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு முடிவு வேண்டியிருக்கும். என்னிடம் இல்லை. கீழே இருப்பதை வேண்டுமானால் நீங்களும் மனசுக்குள் பூர்த்தி செய்துகொள்ளுங்கள். ஆனால் தாளில் எழுதும் உரிமை ஒருவருக்குத்தான். பேனாவை நூலில் கட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி அந்த ஒரு வரி. இப்போது மேலே ஒன்பது பக்கம் இருக்கிறது, தைரியமாக மேற்படி என்று எழுதலாம்.

மேற்படி ஜீப் இரண்டாம் முறை கொதித்ததற்கு ஜீப் காரணம் இல்லை, நான் எழுதிக்கொடுத்த சீட்டே காரணம்.
ஒப்பம், சண்முகசுந்தரி, பிழை திருத்துபவர்.

எனவே மேற்படி ஜீப்பை: விற்றுவிடலாம் / ஜோதிமணியே ஓட்டலாம்.
(வேண்டாததை அடிக்கவும்.)

இரண்டில் ஒன்று வேண்டாதது என்பது எனக்கும் தெரிகிறது. கையும் அரிக்கிறது. ஆனால் இந்தத் தடவை நான் அடிக்கப்போவதில்லை.